வாயனசாலை: கேரளத்து ஊர் நூலகம்

கேரளத்தில் ஊர்மக்கள் சந்தா கட்டி உறுப்பினராகி, தமக்குள் ஆட்சிக்குழுவைத் தேர்ந்தெடுத்து நடத்திவரும் நூலகத்தை வாயனசாலை என்றும் கிரந்தசாலை என்றும் அழைப்பர். இது அரசின் மானியம் பெறும். ஆனால் அரசு அலுவலகம் அன்று. நூல் இரவல் கொடுப்பது இதன் பணிகளில் ஒன்றுதான். நாளிதழ் படிப்பகம், முதியோர் எழுத்தறிவு வகுப்பு, சிறுவர்களுக்கான பாலவேதி, பெண்களுக்கான வனிதாவேதி, நாடகம், சொற்பொழிவு, திரையிடல், வேலைவாய்ப்புத் தேர்வுக்கான பயிற்சி ஆகியவையும் ஒரே கூரையின்கீழ் நடக்கும். மாநில லைப்ரரி கவுன்சிலில் இணைந்தவை மட்டும் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டவை. பாலக்காட்டுச் சமவெளியிலிருந்து இடுக்கி மலைகள்வரை, காந்தலூர், மறையூர் முதலிய தமிழ் வழங்கும் ஊர்கள் உட்பட, மாநிலம் முழுவதும் இவ்வமைப்பின் வரம்புக்குள் வருகிறது. வாயனசாலை நிலைத்ததற்குப் புத்தகங்களின் எண்ணிக்கையையோ கட்டடத்தையோ காரணமாகக் காட்ட முடியாது. படிப்பவரையே உரிமையாளர் ஆக்கிய விதிதான் காரணம் என்பதை இதன் வரலாறு காட்டுகிறது. அந்த விதி எங்கே முழுமை பெறாமல் நிற்கிறது என்பதை மலையோர ஊர்கள் காட்டுகின்றன.

சேர நாட்டுப் பழைய ‘சாலை’களை இந்நூலகங்களின் மூதாதையாகக் கூறுவோர் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டுப் பார்த்திவசேகரபுரச் செப்பேடு, தொண்ணூற்றைந்து மாணவர்க்கு இடமளித்த ஒரு சாலையையும், அதற்கு முன்மாதிரியாக இருந்த காந்தளூர்ச் சாலையையும் குறிப்பிடுகிறது. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை நிகழ்ச்சியைக் கப்பற்படை வெற்றி என்பவரும், உணவு அறக்கட்டளையின் விதியை மாற்றியது என்பவரும் இன்றுவரை உடன்பாட்டுக்கு வரவில்லை. அவ்விடம் திருவனந்தபுரத்துப் பகுதியில் இருந்தது என்பதே பெரும்பாலோர் கருத்து. பெயர் ஒத்திருப்பதைக் கொண்டு இடுக்கி மலைமீதுள்ள காந்தலூரோடு அதை இணைப்பதற்குச் சான்றில்லை. எப்படியாயினும், அச்சாலைகள் வேதக்கல்வி பெறத் தகுதியுடையோர் என்று வரையறுக்கப்பட்ட சிலருக்கே திறந்திருந்தன. வாயனசாலையின் வேர் அங்கே இல்லை. அச்சு இதழிலும் சாதி எதிர்ப்பு இயக்கங்களிலும் இருக்கிறது.

திருவனந்தபுரம் பொது நூலகம் 1829இல் தோன்றியதாகக் கொள்ளப்படுகிறது. சுவாதித் திருநாள் மன்னரையும் ஆங்கிலேய ரெசிடென்ட் கர்னல் கடோகனையும் அதன் தோற்றத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். இருவரில் யாருடைய முயற்சி முதன்மையானது என்பது நூலுக்கு நூல் மாறுகிறது. அது தலைநகரின் படித்த வட்டத்துக்கான நூலகம். ஊர்ப்புறப் படிப்பகங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் முதல் பகுதியிலும் பெருகின. வடக்கே மலபாரில் 1937இல் மலபார் வாயனசாலை சங்கமும், 1943இல் கே. கேளப்பன் தலைமையில் கேரள கிரந்தாலய சங்கமும் அமைந்தன. அங்குப் படிப்பகங்கள் தேசிய இயக்கத்துக்கும் விவசாயிகள் சங்கத்துக்கும் கூடுமிடங்களாக இருந்தன.

இவ்வரலாற்றில் மிக விரிவாகப் பதிவான பகுதி தெற்கே திருவிதாங்கூர் சமத்தானத்துக்கு உரியது. அதன் நடுவில் நிற்பவர் பி.என். பணிக்கர். புதுவாயில் நாராயண பணிக்கர் 1909 மார்ச் 1 அன்று குட்டநாட்டின் நீலம்பேரூரில் பிறந்தார். பள்ளி ஆசிரியர். நாளிதழை மரத்தடியில் உரக்கப் படித்து, எழுத்தறியாதவர்க்கும் சேர்த்துச் செய்தி சொன்னதும், வீடு வீடாகச் சென்று புத்தகம் சேர்த்ததும் அவருடைய இளமை பற்றி ஊரார் சொல்லிவருவன. 1926இல் நீலம்பேரூரில் சனாதன தர்மம் என்ற பெயரில் அவர் தொடங்கிய நூலகம் அந்த வழியில் உருவானது. ஒருவர் படிக்கப் பத்துப்பேர் கேட்பது, கேட்டபின் பேசுவது, பேசியபின் ஒருவரேனும் எழுத்துக் கற்க வருவது என்ற இந்த வரிசை பின்னாளில் ஒரு பெரிய அமைப்பின் செயல்முறையாகவே ஆயிற்று. அதை முதலில் கண்டவர் தனி மனிதரா, அல்லது அன்றைய திருவிதாங்கூர்த் தேநீர்க் கடைகளில் நடந்துகொண்டிருந்ததை அவர் முறைப்படுத்தினாரா என்று கேட்டால், இரண்டாவதே பொருத்தமாகத் தோன்றுகிறது. பணிக்கரின் பெருமை அதனால் குறைவதில்லை. வழக்கத்தில் இருந்ததை நிறுவனமாக்குவது புதிதாகக் கண்டுபிடிப்பதைவிட எளிதான வேலை அன்று.

அம்பலப்புழையில் பி.கே. நினைவு நூலகத்தில் 1945 செப்டம்பர் 14 அன்று 47 ஊர் நூலகங்களின் பேராளர்கள் கூடினர். அக்கூட்டத்தில் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கம் பிறந்தது. செப்டம்பர் 14 இன்றும் கேரளத்தில் கிரந்தசாலை நாள். கூட்டத்தைத் தொடங்கி வைத்தவர் திவான் சர் சி.பி. ராமசுவாமி ஐயர். அடுத்த ஆண்டு அம்பலப்புழைக்கு அருகிலுள்ள புன்னப்பிரையில் அதே திவானின் ஆட்சியில் போராடிய தொழிலாளர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்ததை நினைக்கும்போது, அரசு ஏன் இந்தப் படிப்பகங்களுக்கு ஆதரவளித்தது என்ற கேள்வி எழும். மலபார்ப் படிப்பகங்களைப்போல அரசியல் மேடையாகாமல் இருக்கட்டும் என்ற கணக்கு இருந்திருக்கலாம். கல்வியில் முன்னணியில் நின்ற சமத்தானத்தின் இயல்பான தொடர்ச்சி என்றும் கொள்ளலாம். காரணம் எதுவாயினும், மாதம் 250 ரூபாய் மானியம் கிடைத்தது. பணிக்கர் பள்ளிப் பணியிலிருந்து விலகி நூலகப் பணிக்கு நேரம் கொடுக்க இசைவும் கிடைத்தது. சங்கம் ஊர் நூலகங்களை விழுங்கவில்லை என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு நூலகமும் தன் உறுப்பினர், தன் கணக்கு, தன் குழு என்று தனித்தே நின்றது. சங்கம் மானியத்தைப் பகிர்ந்தது. ‘கிரந்தலோகம்’ என்ற இதழை வெளியிட்டது. பதிவேடு எழுதவும் நூல்களை வகைப்படுத்தவும் கற்றுக்கொடுத்தது.

1956இல் மாநிலம் அமைந்ததும் இது கேரள கிரந்தசாலா சங்கம் ஆயிற்று. ஊர் ஊராகப் போய், படிப்பகம் இல்லாத இடத்தில் ஒன்றைத் தொடங்க வைப்பதே பணிக்கரின் வேலையாக இருந்தது. வாசித்து வளர்க என்பது சங்கத்தின் முழக்கம். 1970களின் தொடக்கத்தில் மாநிலத்தின் நீளம் முழுவதும் நடந்த பண்பாட்டு நடைப்பயணம் இன்றும் நினைவுகூரப்படுகிறது. அது நடந்த ஆண்டும் சென்ற திசையும் குறிப்புகளில் வேறுபடுகின்றன. 1975இல் எழுத்தறிவுப் பணிக்காக யுனெஸ்கோவின் குரூப்ஸ்கயா விருது சங்கத்துக்குக் கிடைத்தது. லெனினின் மனைவி நதேழ்தா குரூப்ஸ்கயா சோவியத் நூலகங்களை வளர்த்தெடுத்தவர். அவர் பெயரிலான விருது, அரசுத் துறை ஒன்றுக்கன்றி, தேநீர்க் கடைக்குப் பக்கத்து ஓட்டுக் கட்டடங்களில் மாலைதோறும் விளக்கேற்றி வைத்தவர்களுக்கு வந்தது பொருத்தமே.

கேரளத்தின் எழுத்தறிவு முழுவதையும் இந்த இயக்கத்தின் கணக்கில் எழுதுவோர் உண்டு. அதை அப்படியே ஏற்க இயலாது. 1951 கணக்கெடுப்பில், சங்கம் தொடங்கி ஆறே ஆண்டுகளில், பின்னாளில் கேரளமான பகுதியின் எழுத்தறிவு 47 சதவீதம். அன்று இந்தியாவுக்கு 18 சதவீதம்தான். 1817இல் ராணி கௌரி பார்வதிபாய் பிறப்பித்த கல்வி ஆணை, மிஷனரிப் பள்ளிகள், நாராயண குருவின் வழிவந்த அமைப்புகள், அய்யன்காளி போன்றோரின் போராட்டம் ஆகியவை முன்பே நிலத்தை உழுதுவிட்டன. அப்படியானால் நூலகம் செய்தது என்ன? பள்ளியில் கற்ற எழுத்து, படிக்க ஒன்றும் கிடைக்காத ஊரில் சில ஆண்டுகளில் மறந்துபோகும். அந்த மறதியை வாயனசாலை தடுத்தது. 1989இல் எர்ணாகுளம் மாவட்டத்தில் எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது வகுப்பு நடத்த இடமும், ஊரில் யார் யாருக்கு எழுத்துத் தெரியாது என்று அறிந்தவர்களும் தேவைப்பட்டனர். இரண்டும் ஊர் நூலகத்தில் இருந்தன. 1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோடு மானாஞ்சிறையில் மாநிலம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தவர் செலக்கோடன் ஆயிஷா, முதுமையில் எழுத்துக் கற்ற பெண். அவரைப் போன்றோர் மறுநாளும் எழுத்துக் கூட்டிப் படிக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம் ஐம்பது ஆண்டுகளாகவே தயாராக இருந்தது.

1977இல் அரசு சங்கத்தின் நிர்வாகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. நிர்வாகச் சீர்திருத்தம் என்றும் அரசியல் போட்டி என்றும் காரணம் இருவிதமாகக் கூறப்படுகிறது. முப்பத்திரண்டு ஆண்டுகள் பொதுச் செயலாளராக இருந்த பணிக்கர் விலகி, பள்ளிசாராக் கல்விக்கென ‘கான்ஃபெட்’ என்ற அமைப்பை அதே ஆண்டு தொடங்கினார். 1995 ஜூன் 19 அன்று மறைந்தார். அந்நாளே வாசிப்பு நாள். தலைமை கைமாறிய காலத்திலும் ஊர்களில் கதவு திறந்துதான் இருந்தது; ஏனெனில் சாவி ஊர்க்குழுவிடம் இருந்தது. வாயனசாலைகள் கட்சிகளின் கிளை அலுவலகங்களாகிவிட்டன என்ற குற்றச்சாட்டை இங்கே எடுத்துப் பார்க்கலாம். அதில் உண்மை உண்டு. ஆட்சிக்குழுத் தேர்தலில் கட்சி வரிசை தெரியும் ஊர்கள் பல. ஆனால் ஊரார் போட்டியிட விரும்பும் நூலகம் ஊராருக்கு வேண்டியிருக்கும் நூலகம். யாரும் போட்டியிடாத நூலகத்துக்கு வாய்க்கும் அமைதியை நலம் என்று கொள்ள முடியாது. தோற்ற அணியினரும் மறுநாள் காலை நாளிதழ் படிக்க அதே பெஞ்சுக்கு வருகிறார்களா என்பதே அளவுகோலாக வேண்டும்.

கேரளப் பொது நூலகச் சட்டம் 1989இல் நிறைவேறியது; அதன்கீழ் 1994இல் மாநில லைப்ரரி கவுன்சில் அமைந்தது. வட்டம், மாவட்டம், மாநிலம் என மூன்று அடுக்குகளிலும் நூலகங்களின் பேராளர்களே தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். கட்டட வரியோடு ஐந்து சதவீத நூலக வரி சேர்கிறது. கல்விக்கான ஒதுக்கீட்டில் ஒரு சதவீதத்துக்குக் குறையாத தொகையைத் தரவும் சட்டம் வழிசெய்கிறது. தமிழ்நாடு நடந்த வழி வேறு. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியால் 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டமே நாட்டின் முதல் மாநில நூலகச் சட்டம்; மலபாரும் அன்று அதன் வரம்பில் இருந்தது. அதற்கும் முன்பே, 1931 அக்டோபரில், மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகம் நடத்திச் சுற்றுப்புறச் சிற்றூர்களுக்குப் புத்தகம் கொண்டு போனார். சொத்து வரியில் பத்து சதவீதம், தனித் துறை, சம்பளம் பெறும் நூலகர் என்ற தமிழ்நாட்டு முறை உறுதியானது. கேரளத்து ஊர் நூலகர் பெறும் மதிப்பூதியத்தோடு ஒப்பிட்டால் நேர்மையானதும்கூட. அதனால் துறை நூலகமே மேல் என்று வாதிடலாம். ஆனால் 2006க்குப் பின் அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் தமிழ்நாட்டின் ஊராட்சிகள்தோறும் எழுந்த நூலகங்களில் பல, சில ஆண்டுகளிலேயே பூட்டுத் தொங்க நின்றன. கட்டடம் இருந்தது, புத்தகம் இருந்தது. திறக்கச் சொல்லி உரிமையோடு கேட்கும் உறுப்பினர் இல்லை. யாழ்ப்பாணத்து ஊர்களின் சனசமூக நிலையங்கள், பெரிய மானியமின்றியே, காலை நாளிதழும் மாலை விளையாட்டுமாக நெடுங்காலம் நடந்துவந்ததும் இதே உண்மைக்குச் சான்று.

இடுக்கி மலைப்பகுதிக்கு இவ்வியக்கம் சமவெளியில் பரவியதுபோல் பரவவில்லை. மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்று எண்ணப்படும் அஞ்சுநாட்டு ஊர்களின் வேளாளர்கள் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களது மரபுச் செய்தி. சூழவுள்ள குடிகளில் முதுவர் என்ற பழங்குடியினர் வாழ்கின்றனர். தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் எந்த மாநிலத்துக்கு என்ற போராட்டம் 1950களில் கடுமையாக நடந்து, 1956இல் அவை கேரளத்தில் அமைந்தன. இடுக்கி தனி மாவட்டமானது 1972 ஜனவரி 26 அன்று. வெள்ளைப் பூண்டு ஏற்றிய வண்டிகள் சின்னாறு வழியே தமிழ்நாட்டின் உடுமலைக்கு இறங்குகின்றன. அரசுக் கடிதம் மலையாளத்தில் மேலேறி வருகிறது.   ஆயினும் தேவிகுளம் வட்டத்து நூலகங்கள் கவுன்சிலின் அமைப்பில் இணைந்துள்ளன.

இம்மலைகளில் எழுத்தில் நன்கு பதிவான நூலகம் முதுவர் வாழும் இடமலைக்குடியில் இருந்தது. 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அமைந்த அவ்வூருக்கு, பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதிய காலத்தில், பெட்டிமுடியிலிருந்து 18 கிலோமீட்டர் காட்டுவழி நடந்தே போகவேண்டும். இருப்புக்கல்லாகுடியில், மண் சுவர் வைத்த தேநீர்க் கடையில், எழுபத்து மூன்று வயது பி.வி. சின்னத்தம்பி நடத்திய நூலகத்தைச் சாய்நாத் 2014இல் விவரித்தார். நூலகத்தின் சொத்து இரண்டு சாக்குமூட்டைகளில் கட்டிவைத்த 160 புத்தகங்களும் ஒரு பதிவேடும். சேர்க்கைக் கட்டணம் 25 ரூபாய், மாதச் சந்தா 2 ரூபாய். இரவலுக்குத் தனிக் காசு இல்லை. சர்க்கரை போடாத கட்டன் தேநீர் இலவசம். 2013இல் 37 புத்தகங்கள் வெளியே போய்த் திரும்பி வந்ததை அழகான கையெழுத்தில் பதிவேடு காட்டியது. தகழி, பஷீர், எம்.டி. வாசுதேவன் நாயர், முகுந்தன், லலிதாம்பிகா அந்தர்ஜனம் எனத் தேர்ந்த மலையாள எழுத்தாளர்களின் நூல்கள். மலிவு விற்பனைச் சரக்கு ஒன்றுமில்லை. முயற்சிக்குத் துணைநின்றவர் அக்குடியில் பணிபுரிந்த ஓர் ஆசிரியர். நூற்றறுபது நூல் ஒரு நூலகமா என்று கேட்கலாம். உறுப்பினர் பட்டியல், விதி, பதிவேடு, ஊர் கூடும் இடம் ஆகிய நான்கும் அங்கே இருந்தன. 1945இல் அம்பலப்புழையில் கூடிய 47இலும் பல இதைவிடப் பெரியவையாக இருந்திருக்கத் தேவையில்லை.

அம்மூட்டைகளில் இருந்த நூல்களில் சிலப்பதிகாரமும் ஒன்று, மலையாள மொழிபெயர்ப்பில். முதுவர்தம் தொல்கதை அவர்களை மதுரையோடு இணைக்கிறது. அவர்களது பேச்சு தமிழுக்கு நெருங்கியதா மலையாளத்துக்கு நெருங்கியதா என்பதில் மொழியியலார் வேறுபடுகின்றனர். மதுரை எரிந்த கதை, மதுரையை நினைவில் வைத்திருக்கும் மக்களுக்கு, பள்ளியில் கற்ற மலையாளத்தின் வழியே போய்ச் சேர்ந்தது. அது சேர்ந்ததே பெரிது என்பது நியாயம். அது போதும் என்பது நியாயமாகாது. ஊர் நூலகங்கள் மானியத்தைக் கொண்டு நூல் வாங்குவது மாவட்டக் கவுன்சில்கள் நடத்தும் புத்தகத் திருவிழாக்களில்; அங்குக் கடை விரிப்போர் பெரும்பாலும் மலையாளப் பதிப்பாளர்கள். உறுப்பினரே உரிமையாளர் என்ற விதி, என்ன நூல் வாங்குவது என்ற இடத்தில் தமிழ் வாசகரிடம் வந்து தடைப்படுகிறது. மலையாளம் கற்றால்தான் மலைப் பிள்ளைகளுக்கு அரசு வேலை கிடைக்கும், ஆதலால் மலையாள நூலே அவர்களுக்குப் பயன் என்று மறுமொழி வரும். தேர்வுப் பயிற்சிக்கு அது சரி. தாய்மொழியில் தடையின்றிப் படிக்கும் பழக்கம் உடையவரே இரண்டாம் மொழியிலும் விரைந்து படிப்பார். மேலும் எழுபது வயதுப் பாட்டிக்குத் தேர்வு கிடையாது, கதை வேண்டும்.

கைபேசி வந்தபின் படிப்பகத்துக்கு ஆள் வருவது குறைந்தது உண்மையே. இரவலும் பல இடங்களில் சரிந்துள்ளது. ஆனால் விண்ணப்பம் நிரப்பவும், தேர்வுக்குச் சேர்ந்து படிக்கவும், நாடகம் ஒத்திகை பார்க்கவும் கைபேசி இடம் தராது. கொல்லம் மாவட்டத்துப் பெருங்குளத்தில், காந்தியடிகளின் நினைவாக 1948இல் தொடங்கிய பாபுஜி நினைவு வாயனசாலை, தெருமுனைகளில் புத்தகக் கூடுகளை நட்டு, 2021இல் அவ்வூரைக் கேரளத்தின் முதல் புத்தகச் சிற்றூர் ஆக்கியது. வயநாட்டில் பெண் நூலகர்கள் பையில் நூல்களோடு வீடு வீடாக நடந்து, வாசலுக்கு வர முடியாத முதியவர்க்கும் வேலை ஓயாத பெண்களுக்கும் படிக்கக் கொடுக்கின்றனர். அந்தப் பை அஞ்சுநாட்டுக்கு வரும்போது பாதியளவேனும் தமிழ் நூல்கள் இருக்கவேண்டும். அதற்கான கொள்முதலை உடுமலைக் கடைகளில் செய்ய ஊர்க்குழுவுக்கு மானிய விதி இடம் தரவேண்டும்.